சாம்பாரில் யார் ஊர்க்காரர், யார் வந்தவர்? பயிர்ப் பூர்வீகமும் ஒட்டுக்கட்டலும்: கேள்வி பதில்

நெல் ஒட்டுக்கட்டும் வேலையில், அதாவது ஒரு ரகத்தின் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைப் போட்டுப் புது ரகம் உருவாக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பயிர் எங்கிருந்து வந்தது, புது ரகம் எப்படி உருவாகிறது என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஓர் இல்லத்தரசி): மேடம், வெளிநாட்டுப் பயிரே வேண்டாம் என்று எங்கள் வீட்டில் ராகி, கம்பு, சோளத்துக்கு மாறிவிட்டோம். சாம்பாரில் தக்காளி, மிளகாயையும் விட்டுவிடலாமா?

பதில்: ராகி, கம்பு, சோளம் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் வெளிநாடு வேண்டாம் என்பதுதான் காரணம் என்றால் கணக்கு இடிக்கும். மூன்றுமே ஆப்பிரிக்காவில் பிறந்தவை. ராகி எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. சோளம் சூடான் பக்கம். கம்பு சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே சாகுபடிக்கு வந்துவிட்டது. தினையும் பனிவரகும் சீனாவிலிருந்து வந்தவை. சிறுதானியத்தில் இந்த மண்ணிலேயே பயிராக மாறியவை சாமை, வரகு, குதிரைவாலி.

சாம்பாருக்கு வருவோம். துவரை அசல் ஊர்க்காரர். அதன் காட்டு உறவு ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் இன்னும் வளர்கிறது. கத்தரி, முருங்கை, மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இந்தப் பக்கத்தவைதான். வெங்காயம் மத்திய ஆசியா, மல்லி மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடல் பகுதியும். பெருங்காயம் இன்றைக்கும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும்தான் பெருமளவில் வருகிறது. புளி கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் மிகப் பழங்காலத்திலேயே வந்து, ரோட்டோர மரமாகி, ஊர்ப்பெயர்களிலும் ஏறிவிட்டது. தக்காளியும் மிளகாயும்தான் கடைசியாக வந்தவை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து.

கம்பு வந்து 3,500 ஆண்டாகிறது, மிளகாய் வந்து 500 ஆண்டு. எத்தனை வருடம் ஆனால் சொந்தம் என்று கோடு போடுவீர்கள்? சாம்பாரை எதற்கு வீணாகக் கெடுக்க வேண்டும்.

கேள்வி (ராமநாதபுரத்து விவசாயி): எங்கள் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். மிளகாயே வெளியூர்க்காரர் என்றால் அது எப்படி எங்களுடையதாகும்?

பதில்: நூற்றுக்கு நூறு உங்களுடையதுதான். மிளகாய்ச் செடியை மனிதர்கள் முதலில் பழக்கியது மெக்சிகோவில். போர்ச்சுகீசியக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். மிளகுக்கு மலையும் நிழலும் மழையும் வேண்டும், விலையும் அதிகம். மிளகாய் மானாவாரியிலேயே வந்துவிடும். விதையைக் காயவைத்து மடியில் முடிந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது.

ஆனால் கப்பலில் வந்தது குண்டு குண்டான முண்டு அல்ல. உங்கள் கரிசலிலும் உவர் மண்ணிலும் எந்தச் செடி தாக்குப்பிடித்ததோ, எந்தப் பழம் காய்ந்தபின்னும் நிறம் மங்காமல் இருந்ததோ, அதிலிருந்துதான் உங்கள் முன்னோர் விதை எடுத்தார்கள். அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். கர்நாடகத்துப் பியாட்கியில் நிறத்துக்காக எடுத்தார்கள், குண்டூரில் காரத்துக்காக எடுத்தார்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் அடுத்த செடியோடும் கலக்கும். இரண்டும் நடப்பதால், நல்லதைத் தக்கவைக்கவும் முடியும், புதிதாக ஒன்று தோன்றவும் இடம் இருக்கும். பொறுக்குகிறவன் கண்ணில் படுவதுதான் ரகம். 2023ல் உங்களுக்குக் கிடைத்த குறியீடு அந்தப் பொறுக்கலுக்கான அங்கீகாரம்.

கேள்வி (பண்ருட்டி): எங்கள் ஊர்ப் பலாவும் முந்திரியும்?

பதில்: பலா நம்மவர், மேற்குத் தொடர்ச்சி மலை. முந்திரி வடகிழக்கு பிரேசில்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ஒரு பயிர் இங்கேதான் பிறந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? யார் பார்த்தது?

பதில்: யாரும் பார்க்கவில்லை, தடயம் வைத்துத்தான் சொல்கிறோம். முதல் தடயம், அந்தப் பயிரின் காட்டு உறவினர் எங்கே வளர்கிறார் என்பது. மக்காச்சோளத்தின் மூதாதை டியோசின்டி என்ற புல். பார்த்தால் நம்பமாட்டீர்கள், பத்துப் பன்னிரண்டு கல் போன்ற விதைகள், அவ்வளவுதான் கதிர். அது தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளர்கிறது. மக்காச்சோளமும் அங்கேதான் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிரானது. அகழாய்வில் கிடைக்கும் கருகிய தானியம் இரண்டாவது தடயம், டி.என்.ஏ. மூன்றாவது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் ரஷ்யாவின் நிகோலாய் வவிலோவ். ஒரு பயிரில் எங்கே வகைகள் மிக அதிகமாக இருக்கின்றனவோ அங்கேதான் அது பிறந்திருக்கும் என்று 1926ல் எழுதினார். கண்டம் கண்டமாகப் போய் விதை சேர்த்தார். அந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. எத்தியோப்பியாவில் பார்லி வகைகள் ஏராளம், ஆனால் பார்லி பிறந்தது மேற்கு ஆசியாவில். இருந்தாலும் எங்கே தேடுவது என்று முதலில் வழி காட்டியவர் அவர். அவர் கதி சோகமானது. மரபியலையே பொய் என்று சொன்ன கூட்டம் ஸ்டாலின் காலத்தில் செல்வாக்குப் பெற, 1940ல் கைதானார், 1943ல் சரத்தோவ் சிறையில் பட்டினியில் இறந்தார். அவர் சேர்த்த விதைகள் லெனின்கிராடில் இருந்தன. ஜெர்மானியர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் அரிசியும் பயறும் மூட்டையாகப் பக்கத்தில் இருக்க, அதைத் தொடாமல் பசியால் செத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பாரம்பரிய அரிசிக் கடையில் பொன்னி அரிசியையும் வைத்திருக்கிறார்கள். பொன்னி நம் பாரம்பரிய நெல்தானே?

பதில்: பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கதை வேறு.

1950களில் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய வேலை நடந்தது. நம் பக்கத்து நெல் இண்டிகா வகை. ஜப்பான், தைவான் பக்கத்து நெல் ஜப்பானிகா. உரம் போட்டால் இண்டிகா உயரமாகிச் சாய்ந்துவிடும், ஜப்பானிகா உரத்தை வாங்கி மணியாக்கும். இரண்டையும் ஒட்டுக்கட்டி, விதையைப் பல ஆசிய நாடுகளுக்கு அனுப்பினார்கள், அவரவர் மண்ணில் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று. மலேசியாவில் மாயாங் ஈபோஸ் 80 என்ற அவர்கள் நெல்லையும் தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லையும் சேர்த்ததில் வந்த ரகத்துக்கு 1965ல் மசூரி என்று பெயர் வைத்தார்கள். அது இங்கே வந்துதான் பொன்னி ஆனது. அதிலிருந்து மேலும் பொறுக்கி எடுத்த வெள்ளைப் பொன்னி 1986ல் வெளியானது.

அதே திட்டத்தில் நமக்குக் கிடைத்த இன்னொன்று ஆடுதுறை 27. ஒரு பக்கம் ஜப்பானின் நோரின் 10, இன்னொரு பக்கம் நம் ஜி.ஈ.பி. 24. உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், குறுவையில் அது போட்ட காலம் நினைவிருக்கும். ஜி.ஈ.பி. 24 கோயம்புத்தூரில் 1921ல் வெளியான ரகம். யாரும் ஒட்டுக்கட்டியதல்ல, நாட்டு நெல்லில் தானாக நிகழ்ந்த திடீர் மாற்றம். சன்ன அரிசி, நல்ல சமையல் குணம். அதன் ரத்தம் பல ரகங்களில் ஓடுகிறது. இன்று கடையில் பி.பி.டி. என்று வாங்குகிறோமே, பாபட்லாவில் உருவான 5204, அதன் வம்சாவளியில் ஜி.ஈ.பி. 24, தைவானின் குட்டை நெல்லான தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி மூன்றும் உண்டு. அதாவது பொன்னிக்கு அது பிள்ளை முறை.

பாரம்பரிய நெல் வேண்டுமென்றால் மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் என்று கேளுங்கள். பொன்னி வேண்டுமென்றால் பொன்னி வாங்குங்கள், நல்ல அரிசி. கடைக்காரர் பலகையைப் பார்த்துக் கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மாடித்தோட்டம் வைத்திருப்பவர், சென்னை): ஹைபிரிட் தக்காளியில் விதை எடுத்தால் முளைக்காது, மலட்டு விதை என்கிறார்கள். உண்மையா? ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றமா?

பதில்: தக்காளி விதை நன்றாகவே முளைக்கும். ஆனால் போன வருடத்துச் செடி வராது, அதுதான் விஷயம்.

வெவ்வேறு குணமுள்ள இரண்டு தூய வரிசைகளை (விதை போட்டால் மாறாமல் வருபவை) வைத்துக்கொண்டு, ஒன்றின் பூவில் மற்றொன்றின் மகரந்தத்தைப் போட்டு எடுப்பதுதான் வீரிய ஒட்டு. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருக்கும். அந்த முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வீரியமாகவும் இருக்கும். அதில் விதை எடுத்துப் போட்டால் தாத்தா பாட்டி குணங்கள் பிரிந்து பிரிந்து வெளியே வரும். மெண்டல் பட்டாணியில் பார்த்த மூன்றுக்கு ஒன்று கணக்கு இதுதான். பெற்றோர் இருவரும் பத்தே பத்து மரபணுக்களில் வேறுபட்டார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, அடுத்த தலைமுறையில் அந்தப் பத்திலும் எஃப்1ஐப் போலவே இருக்கும் செடி சராசரியாக 1,024ல் ஒன்றுதான். உங்கள் மாடியில் இருப்பது இருபது தொட்டி.

ஆனால் இதை விளையாட்டாகச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். இருபதில் பிடித்த ஒன்றில் மட்டும் விதை எடுங்கள். அடுத்த வருடமும் அப்படியே. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை (ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களும் ஒரே செடியில் சேர்ந்திருப்பது) பாதிப்பாதியாகக் குறையும்: 50, 25, 12.5 சதவீதம் என்று. எஃப்1ஐ முதலாவதாக எண்ணினால், ஏழாவது தலைமுறையில் ஒன்றரை சதவீதம் அளவுதான் மிஞ்சும். அப்போது அது உங்கள் ரகம், விதை போட்டால் மாறாது.

மலட்டு விதை என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் உண்டு. 1998ல் அமெரிக்காவில் டெர்மினேட்டர் என்று பெயர்பெற்ற ஒரு தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள், விளையும் விதை முளைக்காதபடி செய்வது. எதிர்ப்பு கிளம்பியது, கடைசிவரை அது சந்தைக்கு வரவில்லை. மரபணு மாற்றம் என்பது வேறு இன உயிரியின் மரபணுவைக்கூட ஆய்வகத்தில் நுழைப்பது. இந்திய வயலுக்கு அரசு அனுமதியோடு 2002ல் வந்தது பி.டி. பருத்தி, ஒரு மண் பாக்டீரியாவின் பூச்சி எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்தது. பி.டி. கத்தரியை 2010ல் நிறுத்திவைத்துவிட்டார்கள். நீங்கள் வாங்கும் தக்காளி விதை கையால் ஒட்டுக்கட்டியது, அதில் இந்த வேலை எதுவும் இல்லை.

கேள்வி (விழுப்புரம்): பாகல் பக்கத்தில் புடலை போட்டால் புடலை கசந்துவிடும் என்று என் மாமியார் விடவே மாட்டேன் என்கிறார்.

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பாகலும் புடலையும் வெவ்வேறு பேரினம், ஒன்றோடொன்று கலக்காது. கலக்கும் பயிராகவே இருந்தாலும் இந்த வருடத்துக் காயின் சதை தாய்ச்செடியுடையது. வெளி மகரந்தத்தின் விளைவு உள்ளே இருக்கும் விதையில்தான், அதைப் போட்டு வளர்த்தால்தான் தெரியும். மக்காச்சோளம் போன்றவற்றில் நாம் தின்பதே விதை என்பதால் மட்டும் அந்த வருடமே மணியின் நிறம் மாறும்.

ஒன்று மட்டும் கவனம். சுரைக்காய் கசந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள், ஜூஸ் போடவே கூடாது. முந்தைய தலைமுறையில் கசப்புச் சுரையோடு கலந்திருந்தாலோ, செடி வாடியிருந்தாலோ அந்தக் கசப்பு நஞ்சு சேரும். அப்படிப்பட்ட ஜூஸ் குடித்து இறந்தவர்கள் உண்டு.

தூய விதை எடுக்க ஆசை என்றால் ஒரே பரங்கிக் கொடிக்குள் செய்யலாம். நாளை மலரப்போகும் மொட்டு இன்று மாலையே நுனியில் மஞ்சள் தட்டியிருக்கும். ஆண் மொட்டு ஒன்று, அடியில் பிஞ்சு வைத்த பெண் மொட்டு ஒன்று, இரண்டின் வாயையும் நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும், வண்டு வருவதற்குள், ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். மறுபடி கட்டி, காம்பில் ஒரு துணி முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காய்தான் முதலில் கூட்டுக்குப் போகும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): விதையில்லாத தர்பூசணி விதை விற்கிறார்களே, விதையே இல்லாத பழத்துக்கு விதை எங்கிருந்து?

பதில்: நல்ல கேள்வி தம்பி. சாதாரணத் தர்பூசணியின் செல்லில் 22 குரோமோசோம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். கால்சிசின் என்ற மருந்தால் அதை 44 ஆக்கி, அந்தச் செடியின் பூவில் சாதாரணச் செடியின் மகரந்தத்தைப் போடுவார்கள். 22ம் 11ம் சேர்ந்து 33 குரோமோசோம் விதை வரும். கடையில் விற்பது அதுதான். அது முளைக்கும், பழுக்கும், ஆனால் 33ஐச் சரிபாதி பிரிக்க முடியாததால் விதை பிடிக்காது.

நம் வாழையில் பெரும்பாலானவற்றுக்கும் இதே 33தான், இயற்கை தானாகச் செய்தது. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பு. கற்பூரவல்லியில் மட்டும் எப்போதாவது பல்லில் கடுக்கென்று ஒரு விதை மாட்டும். விதை இல்லாதது தின்பவனுக்கு வசதி, ஒட்டுக்கட்டுபவனுக்குத் தலைவலி. கன்றிலிருந்தே கன்று என்பதால் தோப்பு முழுக்க ஒரே செடிதான். ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷெல் வாழையை பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது அதனால்தான். 1845ல் அயர்லாந்து உருளைக்கிழங்குக்கு நேர்ந்ததும் அதே கதை. பத்து லட்சம் பேர் மாண்டார்கள்.

கேள்வி (கண்டியிலிருந்து): இலங்கையில் கோப்பியை நோய் அழித்தது, றப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் வெளியிலிருந்து வந்தவைதானே?

பதில்: வந்த பயிருக்கு ஒரு சலுகை கிடைக்கும்: பிறந்த ஊரில் அதைத் தின்னும் பூச்சியும் நோயும் பெரும்பாலும் கூட வருவதில்லை. சலுகை எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்தார்கள், முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி உங்கள் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. அமேசானில் றப்பரை விட்டுவைக்காத இலைக்கருகல் நோய் இன்றுவரை ஆசியாவுக்கு வரவில்லை. கோப்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1869ல் துரு நோய் வந்தது, மலைமுழுக்க ஒரே கோப்பி, போய்விட்டது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது.

எங்கள் பக்கத்திலும் நடந்தது. சேலம், நாமக்கல் மரவள்ளிக்கு 2020க்குப் பிறகு புதுசாக ஒரு மாவுப்பூச்சி வந்து குருத்தையே சுருட்டிவிட்டது. பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, மரவள்ளியைப் போலவே. மருந்தடித்து மாளவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும். அந்தக் குளவியின் பூர்வீகமும் தென் அமெரிக்காதான்.

கேள்வி (கோவை): கரும்பு ஆராய்ச்சிக்கு எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இங்கே கரும்பு அதிகம் இல்லையே.

பதில்: கரும்பு இங்கே பூக்கும், அதுதான் காரணம். வட இந்தியாவில் கரும்பில் பூவும் விதையும் ஒழுங்காகப் பிடிக்காது, பூ இல்லாமல் ஒட்டுக்கட்ட முடியாது. 1912ல் நிலையம் தொடங்கியது. அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் செய்தது துணிச்சலான வேலை. நியூகினியில் தோன்றிய பருத்த கரும்பு இனத்தைச் சேர்ந்த வெள்ளை என்ற ரகத்தோடு, வாய்க்கால் ஓரத்து நாணலைக் கலந்தார்கள். சர்க்கரையே இல்லாத நாணலை எதற்கு என்று அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். நாணலின் முரட்டுத்தனம்தான் தேவைப்பட்டது. அந்தக் கலப்பில் பிறந்து 1918ல் பஞ்சாபுக்குப் போன கோ 205 என்ற ரகம் அங்கிருந்த மெல்லிய கரும்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாக விளைந்தது. மரபியலாளர் ஜானகி அம்மாளும் இதே நிலையத்தில் 1930களில் வேலை பார்த்தவர். இப்போது தமிழ்நாட்டு வயல்களில் நிற்கும் கோ 86032ம் அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி (வேளாண் டிப்ளமோ மாணவி): நெல்லில் ஒட்டுக்கட்டுவதை நேரில் பார்த்ததில்லை மேடம். எப்படிச் செய்வீர்கள்? முடித்தபின் ரகம் வர எவ்வளவு காலம்?

பதில்: நெல் பூ காலை ஒன்பதிலிருந்து உச்சிக்குள் திறந்து மூடிவிடும், திறக்கும்போதே தன் மகரந்தம் தன் மேல் விழுந்துவிடும். அதனால் முந்தின நாள் மாலையே முந்திக்கொள்ள வேண்டும். தாய்க்கதிரில் ஏற்கெனவே பூத்த மேல்மணிகளையும், இன்னும் இளசாக இருக்கும் அடிமணிகளையும் நறுக்கித் தள்ளிவிடுவோம். மிச்சம் இருக்கும் ஒவ்வொரு மணியின் தலையையும் மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே ஆறு மகரந்தப்பை இருக்கும், வெளிர் மஞ்சளில். ஊசிமுனைச் சாமணத்தால் ஆறையும் உடைக்காமல் எடுக்க வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டால் அத்தனையும் வீண். பிறகு பட்டர் பேப்பர் உறை. மறுநாள் காலை தகப்பன் கதிரைக் கொண்டுவந்து, உறையின் மேல்வாயைத் திறந்து உள்ளே தட்டினால் மகரந்தம் தூளாக விழும். மூடி, தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிச் சீட்டு கட்டுவோம். நாலு வாரத்தில் மணி எடுக்கலாம். தலை வெட்டிய உமியிலிருந்து அரிசி மொட்டையாக எட்டிப் பார்க்கும், கலப்பு மணியை அப்படித்தான் அடையாளம் காண்போம்.

இவ்வளவும் மூன்று நாள் வேலை. அப்புறம்தான் நீளம். முதல் தலைமுறை ஒன்றுபோல இருக்கும், இரண்டாவதில் ஆயிரக்கணக்கில் நட்டு, வெயிலில் வரப்பில் நடந்து பொறுக்க வேண்டும். ஆறேழு தலைமுறை நிலைத்தபின் பல ஊர் ஆராய்ச்சி நிலையங்களில் சோதனை, அப்புறம் விவசாயிகள் வயலில் சோதனை. பத்து வருடம் சாதாரணம். நூறு ஒட்டுக் கட்டினால் பெயர் வாங்கும் ரகம் ஒன்று வந்தாலே பெரிது. இந்தப் பொறுமை இல்லாவிட்டால் வேறு பாடம் எடுத்துக்கொள் அம்மா, தப்பில்லை.

கேள்வி (திண்டுக்கல் விவசாயி): நானே பொறுக்கி ஒரு கத்தரி ரகம் வைத்திருக்கிறேன். அடுத்தவருக்கு விதை கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வராது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விளைந்த விதையை வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பதிவான ரகத்தின் விதையை பிராண்ட் பெயர் போட்டுப் பாக்கெட்டில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் கத்தரி மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட்டு, போட்டால் மாறாமல் வந்தால் உழவர் ரகமாக உங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், படிவம் நிரப்ப உதவுவார்கள். போகும்போது ஒரே ஒரு செடியில் எடுத்த விதையைக் கொண்டுபோகாதீர்கள், பத்திருபது செடியில் கலந்து எடுங்கள்.